சரி செய்துவிட்டுக் காட்டிய கைகள்

பணிக்காலத்தில் உடற்குறைபாடு அடைந்த அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியில் கீழிறக்கவோ கூடாது. பார்த்துவந்த வேலைக்கு அவர் பொருந்தாதவராகிவிட்டால், அதே சம்பளத்தில் அவரால் செய்யக்கூடிய வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் இருபதாம் பிரிவு சொல்வதன் சாரம் இது. பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் பணியமைப்புப் பிரிவில் கழித்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இந்தச் சட்டப்பிரிவைக் காட்டி வந்த மனுக்களைப் படித்திருக்கிறேன்; அவற்றுக்குப் பதிலும் எழுதியிருக்கிறேன். தெளிவான பிரிவு. அதில் இரத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

என் மனைவி ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். கம்பம் பள்ளத்தாக்கின் ஓரத்தில், மலைச்சாலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர். பெயர் வேண்டாம், இதில் யாருக்கும் எதற்கும் பெயர் வைக்கப் போவதில்லை. ஏலத்தோட்டத்து ஜீப்புகள் விடியுமுன் அந்த ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டிப் போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும். அந்தப் பெண்களின் பிள்ளைகளில் பலரை முதலில் தொட்டது என் மனைவியின் கை. சின்னமனூர்ப் பேருந்து நிலையத்தில் அவளோடு நின்றால் நாலு பேராவது வந்து, இடுப்பில் இருக்கும் பிள்ளையைக் காட்டி, "நர்ஸம்மா, இது நீங்க எடுத்ததுதான்" என்பார்கள். அவளுக்கு ஒருவரையும் அடையாளம் தெரியாது. "நல்லா வளத்துருக்கே" என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொல்வாள்.

கை வலி எப்போது தொடங்கியது என்று அவளால் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரிந்தது காலை நேரத்து விவரங்கள் மட்டும். முதலில் பால் பாக்கெட்டை என்னிடம் நீட்டினாள், வெட்டித் தரச் சொல்லி. பிறகு குக்கர் மூடி. பிறகு குழாய். ஒருநாள் குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை உள்ளிருந்து திறக்க முடியாமல் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறாள், கூப்பிடவில்லை. வெளியே வந்தபோது, "கதவு இறுகிக்கிச்சு, கார்ப்பெண்டரைக் கூப்பிடுங்க" என்றாள். தச்சர் வந்து பார்த்துவிட்டு, கதவில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் எழுந்ததும் அவள் விரல்கள், முந்தின நாள் ஈரத்தில் விட்டுக் காய்ந்த கையுறைபோல, இருந்த வளைவிலேயே இருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு கைகளையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வானொலியில் செய்தி முடிந்து, பாட்டுகள் முடிந்து, விளம்பரங்கள் வரும்போது ஒவ்வொரு விரலாக மடங்கத் தொடங்கும். ஒரு மாத்திரை. அப்புறம் எங்கள் வீட்டருகே பழனிசெட்டிபட்டி நிறுத்தத்தில் கம்பம் பேருந்தைப் பிடிக்கும்போது அவளைப் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க மாட்டாள், முழங்கையால் வளைத்துக்கொள்வாள். அதைக் கவனிக்க யாருக்கு நேரம்.

தேனியில் இரத்தம் கொடுத்தோம். இரத்தம் படியும் வேகம் சரி. அழற்சி இருந்தால் ஏறும் புரதம் சரி. வாதக் காரணி இல்லை. யூரிக் அமிலம் சரி. சிக்குன்குனியா வந்துபோன தடயமும் இல்லை. அச்சடித்த தாளில், வரம்புக்குள் இருக்கும் எண்ணுக்குத் தடித்த எழுத்து கிடையாது. அவளுடைய தாள் முழுக்க மெலிந்த எழுத்துகள். என் பணிக்காலத்தில் அவ்வளவு சுத்தமான ஒரு கோப்பை நான் பார்த்ததில்லை.

"ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லம்மா. வயசுதான். மாதவிலக்கு நின்னுட்டா இப்படி அங்கங்க பிடிக்கும்" என்றார் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர். "நீங்களே நர்ஸு. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவள் தலையாட்டினாள். வலி அதிகமான நாட்களுக்கு மட்டும் என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொஞ்சம் எழுதிக் கொடுத்தார். அந்தப் பட்டையை அவள் தையல் டப்பாவில் வைத்துக்கொண்டாள். உறவில் கல்யாணம், வீட்டில் விசேஷம், மேலதிகாரி வருகை. அப்படிப்பட்ட நாட்களுக்கு அது வெளியே வரும்.

ஆய்வகத் தாள் வந்தபின் தெருவில் ஆளுக்கொரு மருத்துவம் சொன்னார்கள். பக்கத்து வீட்டம்மா ஒரு கட்டு முடக்கத்தான் கீரையோடு வந்தார்.

"மதினி, இதை அரைச்சு மாவுல கலந்து தோசை ஊத்துங்க. எங்க நாத்தனாருக்கு மடங்காத கையெல்லாம் நீண்டுக்கிச்சு."

"உங்க நாத்தனாருக்கு முன்னாடியே கை கொஞ்சம் நீளம்தானே" என்றாள் என் மனைவி.

"அது வேற கணக்கு" என்று சிரித்துவிட்டு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணே, ரிப்போர்ட் நல்லா இருக்குன்னு சொன்னாகளாமே. அப்புறம் என்ன? மனசுல எதையும் போட்டுக் குழப்பிக்காம இருக்கச் சொல்லுங்க."

நாங்கள் சில வாரங்கள் தோசை சாப்பிட்டோம். தோசை நன்றாக இருந்தது.

ஐப்பசி மழை பெய்த ஒரு நாள் அவள் வேலையிலிருந்து வந்து, குடையை மடக்காமலே மூலையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மடக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் போய் மடக்கினேன்.

"இன்னைக்கு ஒரு பிள்ளை என் கையில நிக்கலை" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"கீழ விழுகலை. அந்தப் புள்ளை பக்கத்துல துண்டை விரிச்சுக்கிட்டு நின்னுச்சு. ஏந்திக்கிச்சு."

'அந்தப் புள்ளை' என்பது அவளோடு வேலை பார்க்கும் இளைய செவிலியர். உத்தமபாளையம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். சுகாதார நிலையத்தை ஒட்டிய குடியிருப்பில் இருப்பவர். அன்று அவர் பணிநேரம் முடிந்து கிளம்ப வேண்டியவர். மழைக்காக நின்றிருக்கிறார்.

பிறந்த பிள்ளை எப்படி வழுக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லித்தான் தெரிந்தது. தலையைத் தாங்கும் கை விரிந்து நிற்க வேண்டும். உடம்பு முழுதும் வெளியே வரும் நொடியில் இன்னொரு கை காலைப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி அவளிடம் இல்லை. விரல்கள் போய்ச் சேர்ந்தன, மூடவில்லை.

"மெடிக்கல் லீவு போடு."

"லீவு போட்டா வலி ரிட்டயர் ஆகிருமா?"

"அப்ப விருப்ப ஓய்வு."

"நான் வேலையை விடணும்னா சொல்றேன்? தடுப்பூசி போடுறேன், மருந்து குடுக்கிறேன், வர்ற பிள்ளைத்தாச்சிகளுக்குப் பிரஷர் பாக்குறேன். பிள்ளையைத் தாங்குற வேலை மட்டும் வேணாம்." கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். "இத்தனை நாளா விழுகலை. ரிட்டயர் ஆகுறதுக்குள்ள ஒண்ணு விழுந்துரக் கூடாது. நீங்க எழுதுங்க."

எழுதினேன். எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த தொழில். பிரிவைக் குறிப்பிட்டு, பணி விவரம் சொல்லி, பிரசவ அறைப் பணியிலிருந்து மட்டும் விடுவித்துப் புறநோயாளிப் பிரிவிலோ தடுப்பூசிப் பணியிலோ அமர்த்தக் கோரி, உரிய வழியில் மேலிடத்துக்கு. உரிய வழி என்பது மனு நின்று இளைப்பாறிப் போகும் வழி. சில வாரங்கள் கழித்து, மருத்துவக் குழுவின் முன் ஆஜராகுமாறு குறிப்பு வந்தது. நியாயமான குறிப்பு. நான் அந்த இருக்கையில் இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன்.

குழு கூடும் நாளன்று அவள் வழக்கத்தைவிட முன்னதாக எழுந்தாள். கைகளை வெந்நீரில் வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தாள். தையல் டப்பாவிலிருந்து மாத்திரை வந்தது. அன்று மட்டுமில்லை, முந்தின சில நாட்களாகவே வந்துகொண்டிருந்தது. நகம் வெட்டியிருந்தாள். கஞ்சி போட்டுத் தேய்த்த புடவை, இழுத்து வாரிய கொண்டை. கையில் தேய்த்த தைல வாசனை போக, சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள்.

"அதிகாரிக இருப்பாக. அலங்கோலமாப் போய் நிக்க முடியுமா?" என்றாள்.

எனக்கும் அது சரியாகவே பட்டது. இரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி, ஓரத்தில் நூல் கோத்து, பக்க எண் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கோப்பைப் பார்த்து யாரும் குறை சொல்ல முடியாது.

குழுவில் மூன்று மருத்துவர்கள். எங்கள் முறை வந்தபோது பதினொரு மணிக்கு மேலாகிவிட்டது. தலைவர் நிதானமானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுபவர். கோப்பைப் புரட்டிப் பார்த்து, "யாரு நூல் கோத்தது? நல்லா இருக்கே" என்றார். நான் வாசலுக்கருகே நின்றுகொண்டிருந்தேன். பாராட்டை ஏற்றுக்கொண்டேன்.

"கையை மடக்குங்க."

மடக்கினாள். முழுதாக மடங்கியது.

"விரிங்க. வலிக்குதா?"

"கொஞ்சம் சார்."

"வீக்கம் ஒண்ணும் காணோமே." பக்கத்தில் இருந்தவரிடம் தாளைத் தள்ளினார். அவர் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல்" என்றார்.

"ஏம்மா, நைட் டூட்டி பிடிக்கலையா? உள்ளதைச் சொல்லுங்க, நாங்க யாரும் தப்பா எடுத்துக்க மாட்டோம்."

"அதெல்லாம் இல்ல சார்."

"வீட்டு வேலையெல்லாம் பாக்குறீங்களா?"

"பாக்குறேன் சார்."

அங்கே அவள் சொல்லியிருக்க வேண்டியது வேறு. பாலை வெட்டுவது நான், குக்கரைத் திறப்பது நான், துணி பிழிவது யாருமில்லை, சொட்டச் சொட்டக் கொடியில் போடுகிறோம். ஆனால் மூன்று மருத்துவர்களுக்கு முன்னால், வீட்டு வேலை பார்க்க முடியவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எழுந்து வணக்கம் சொல்லி, கோப்பைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள். பிரசவ அறைப் பணி உட்பட எல்லாப் பணிக்கும் தகுதி என்று எழுதிவிட்டார்கள் என்பது, பிறகு உரிய வழியில் பதில் வந்தபோது தெரிந்தது. கண் முன்னால் இருந்ததை வைத்துத்தான் எழுதினார்கள்.

 அன்று திரும்பும்போது, பேருந்திலிருந்து இறங்குவதற்கு முன், "கை இன்னைக்குனு பாத்து நல்லா இருந்துச்சு" என்றாள்.

அதன் பின் அவளும் அந்த இளைய செவிலியரும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எந்த விதியிலும் அதற்கு இடமில்லை. என் மனைவியின் பணிநேரத்தில் வலி எடுத்து ஒரு பெண் வந்தால், குடியிருப்புக்கு ஆள் போகும். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பார். என்ன செய்ய வேண்டும், எப்போது முக்கச் சொல்ல வேண்டும், எப்போது வேண்டாம் என்பதை என் மனைவி சொல்வாள். பிள்ளையை ஏந்துவது அவர்.

"அக்கா, நீங்க வாயை மட்டும் கொண்டாங்க. கையை நான் கொண்டாறேன்" என்பாராம்.

"என் வாயி உனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கா?"

"எங்க மாமியா வாயைக் கேட்டுப் பழகிருச்சுல்ல. உங்க வாயி இனிப்பாத்தான் இருக்கு."

இரண்டு பேர் பணியை இப்படி ஓட்டலாம். அவர் விடுப்பில் போனால் என்ன ஆகும் என்பதை இருவரும் பேசவில்லை. என் மனைவி வீட்டில் பேசினாள். வாரத்தில் ஒரு நாளாவது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அந்தப் புள்ளை கொழுந்தன் கல்யாணம் தையில வருதாம்" என்பாள். வேறொன்றும் சொல்ல மாட்டாள்.

மதுரையில் வாதநோய்க்கென்று தனியாகப் படித்த மருத்துவர் இருக்கிறார் என்று விசாரித்து அறிந்து போனோம். சாயங்கால நேரம். என் மனைவி வழக்கப்படி தயாராகித்தான் வந்திருந்தாள். அந்தப் பெண் மருத்துவர் இரத்தத் தாள்களை ஒருமுறை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். நான் நூல் கோத்திருந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விரல் கணுக்களை ஒவ்வொன்றாகத் தன் கட்டைவிரலால் அழுத்தினார்.

"காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சீங்க? ஒண்ணுவிடாமச் சொல்லுங்க."

என் மனைவி சொன்னாள். வெந்நீர், தைலம், வலி மாத்திரை, தையல் டப்பா மாத்திரை, மறுபடி வெந்நீர். ஒரு நோயாளியைத் தயார் செய்த விவரத்தை மருத்துவரிடம் ஒப்பிக்கும் குரலில், கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

மருத்துவர் சிரித்தார். "சிஸ்டர், வார்டைக் கூட்டித் துடைச்சு, பெட்ஷீட் மாத்தி, பேஷண்டுக்குத் தலை சீவி விட்டுட்டு ரவுண்ட்ஸுக்குக் கூப்பிடுறீங்களே. நான் எதைப் பாக்குறது?"

 எனக்கு அந்த நொடியில் எங்கள் இரண்டு பேருடைய தொழிலும் ஒன்றுதான் என்று பட்டது. தணிக்கைக்கு முந்தின நாள் அலுவலகத்தில் நாங்கள் செய்யாததா? நிலுவைகளைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளி, மேசைக்கு விரிப்புப் போட்டு, பதிவேடுகளுக்குப் புது அட்டை ஒட்டி. வருகிறவர் எதைக் கண்டுபிடிக்க வருகிறாரோ அதை முதலில் அகற்றிவிட்டுத்தான் அவரை வரவேற்போம். அதே மரியாதையை அவள் தன் நோய்க்குச் செய்தாள். நான் அதற்குப் பக்க எண் போட்டேன்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். முடக்குவாதம் என்று முடிவு செய்ய உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறதாம். எத்தனை மூட்டு, பெரிய மூட்டா சின்ன மூட்டா, எத்தனை வாரமாக என்பதற்கெல்லாம் மதிப்பெண், இரத்தத்துக்கும் உண்டு. இரத்தத்தில் ஒன்றுகூட வாங்காதவர்களும் மற்றதில் வாங்கித் தேறிவிடலாம். அப்படிப்பட்டவர்கள் குறைவுமில்லை.

"ஆனா ஒரு நிபந்தனை. ஒரு மூட்டுலயாவது வீக்கத்தை டாக்டர் தன் கண்ணால பாத்திருக்கணும். அதைத்தான் நீங்க வீட்டுலயே வச்சுட்டு வர்றீங்க."

நான் ஒரு தேர்வுமுறையை மனதாரப் பாராட்டுவது அரிது. இதைப் பாராட்டினேன். நிபந்தனை முதலிலேயே சொல்லப்பட்டிருக்கிறது, விதிவிலக்கும் உள்ளேயே இருக்கிறது. எங்கள் துறையில் இவ்வளவு தெளிவாக எழுதுபவர்கள் கிடையாது.

இரண்டு மாத்திரைகளையும் அவர் சொன்னபடி நிறுத்திவிட்டு, சில நாட்கள் கழித்து மறுபடி வரச் சொன்னார். காலையில், முதல் ஆளாக. மாத்திரை இல்லாத அந்த நாட்களைப் பற்றி எழுத வேண்டியதில்லை. அவள் தட்டிலிருந்து சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டாள், அவ்வளவுதான்.

முந்தின நாளே மதுரைக்குப் போய், மருத்துவமனைக்கு எதிரே ஒரு விடுதியில் தங்கினோம். காலையில் சண்டை தொடங்கியது.

"வெந்நீர் கூடாது" என்றேன்.

"அப்ப பச்சைத் தண்ணியில குளிக்கிறேன்."

"குளிக்கவே கூடாதுன்னு இல்ல. உன்னால முடிஞ்சாக் குளி."

முடியவில்லை. வாளிக் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தாள். "குளிக்காம, தலை சீவாம ஒரு டாக்டர் முன்னால போய் நிக்கச் சொல்றீக. பேஷண்டு அப்படி வந்தா நான் என்ன பேச்சுப் பேசிருக்கேன் தெரியுமா?"

"இப்ப நீதான் பேஷண்டு."

"அதைத்தான் சொல்றேன்."

புடவைக் கொசுவத்தை நான் மடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வோர் அகலம். கொண்டை போட எனக்குத் தெரியாது. தலைமுடியை ஒன்றாகச் சேர்த்து ரப்பர் வளையம் மாட்டினேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "வயக்காட்டுல வைக்கோல் கட்டுற மாதிரி கட்டிருக்கீக" என்றாள். சாலையைக் கடக்கும்போது முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள். அந்த ஊரில் அவளை அறிந்தவர் ஒருவரும் இல்லை.

மருத்துவர் அவள் கைகளைத் தொடுவதற்கு முன்பே, "இதுதான்" என்றார். கணுக்களுக்கு இடையே இருக்க வேண்டிய பள்ளங்கள் இல்லை. மணிக்கட்டு மேல்புறம் பருத்திருந்தது. ஸ்கேன் கருவியை விரல்மேல் வைத்து, திரையை அவள் பக்கமே திருப்பிக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் மூட்டைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் மினுங்கின. இரத்தம் பாய்கிற இடம். அங்கே பாயக் கூடாது.

என் மனைவி திரையை உற்றுப் பார்த்தாள். முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. "அடுத்த விரலையும் வைங்க மேடம்" என்றாள்.

அன்றைக்கும் இரத்தம் எடுத்தார்கள். முடிவு மாலையில் வந்தது. எல்லாம் வரம்புக்குள். இரத்தம் கடைசிவரை தன் வாக்குமூலத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

வாரம் ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார். வேலை செய்யத் தொடங்க வாரக்கணக்கில் ஆகும், அதுவரை பொறுக்க வேண்டும் என்றார். அந்த மாத்திரை போட்ட மறுநாள் அவளுக்குக் காப்பி வாசனை பிடிக்காது. எனக்கும் அன்று காப்பி கிடையாது.

மறுபரிசோதனை கோரி மனு எழுதினேன். இந்த முறை சுருக்கமாக. ஸ்கேன் படங்கள், மருத்துவரின் சான்று. நூல் கோக்கவில்லை, குண்டூசி குத்தினேன். குழுவின் முன் போகும் நாளில் வெந்நீர் இல்லை, வைக்கோல் கட்டு மட்டும். நெற்றிக்குப் பொட்டு வைத்துக்கொள்ள அனுமதி கேட்டாள், கொடுத்தேன்.

அதே தலைவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றாமல் அவள் கையைப் பார்த்தார். தன் தண்ணீர் பாட்டிலை நீட்டித் திறக்கச் சொன்னார். அவள் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே மூடியை வைத்துத் திருகப் பார்த்தாள். பாட்டில்தான் சுற்றியது. வாங்கி வைத்துக்கொண்டு, மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பார்த்தார்.

"போன தடவை இப்படி இல்லையேம்மா."

"போன தடவை ரெடியாகி வந்தேன் சார்."

தலைவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஸ்கேன் படத்தைக் கொடுத்துவிட்டு எழுதத் தொடங்கினார். என்ன எழுதினார் என்று எங்களிடம் சொல்லக் கூடாது, அது விதி. பதில் உரிய வழியில் வரும்.

உரிய வழியை நான் அறிவேன். தபால் பிரிவு, இருக்கை எழுத்தர், குறிப்பு, கண்காணிப்பாளர், மேலே, கீழே, வரைவு, மறுபடி மேலே, செம்மைப் படி, கையொப்பம், அனுப்புகை. எந்த இடத்தில் எத்தனை நாள் தூங்கும் என்று என்னால் சொல்ல முடியும், எழுப்பத்தான் முடியாது. ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். "ஏலே, நீ இருந்தப்ப மட்டும் அம்பு மாதிரி போச்சாக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தை மாதம் வந்தது. கொழுந்தன் கல்யாணமும் வந்தது. அந்த இளைய செவிலியர் விடுப்பு எடுக்கும் முன் என் மனைவியிடம், "அக்கா, நான் வேணா தாலி கட்டுனதும் ஓடி வந்துரட்டா?" என்று கேட்டிருக்கிறார். "போய் ஒழுங்காச் சாப்பிட்டு வா" என்று அனுப்பிவிட்டாள். கல்யாணத்தன்று காலையில் மலையேறப் போன ஜீப் ஒன்று பாதிவழியில் திரும்பி வந்தது. உள்ளே வலியெடுத்த ஒரு பெண், கூட அவளுடைய மாமியார். இன்னொரு ஊருக்கு அனுப்ப ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று. அது வருமுன் பிள்ளை வந்துவிடும் என்று என் மனைவிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அன்று நடந்ததை அவள் வீட்டுக்கு வந்து சொன்னாள். துப்புரவுப் பணியாளரைக் கையைக் கழுவச் சொன்னாளாம். மாமியாரையும் கழுவச் சொன்னாளாம். கட்டிலின் ஓரத்தில் குட்டை ஸ்டூலைப் போட்டுத் தான் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, அவர்கள் இருவரையும் இருபுறமும் முட்டிபோட வைத்து, கைகளைத் தன் கைகளுக்குக் கீழே நீட்டச் சொன்னாளாம்.

"அந்தம்மா, 'ஏத்தா, நான் என்ன பிச்சையா எடுக்குறேன், இப்படிக் கையை நீட்டச் சொல்றே'ங்குது. 'பேசாம நீட்டு, உன் பேரன் வர்றான்'னேன். பேத்தியா வந்துச்சு."

"விழுகலையே" என்றேன். கேட்க வேண்டிய கேள்வியா என்று தெரியவில்லை.

"எங்கிட்டு விழுக? மூணு ஜோடிக் கை இருந்துச்சு." தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "என் ஜோடி சும்மா மேல இருந்துச்சு."

மாசி போயிற்று, பங்குனி போயிற்று. கூடலூர்ப் பக்கத்துப் பந்தல்களில் திராட்சை அறுப்பு நடந்தது. யாரோ ஒரு பிள்ளையின் தகப்பன் ஒரு கூடை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். வாராந்தர மாத்திரை மெதுவாக வேலை செய்யத் தொடங்கியிருந்தது. வானொலியில் செய்தி முடியும்போதே விரல்கள் மடங்கின. ஒருநாள் காலையில் பால் பாக்கெட் தானாகவே வெட்டப்பட்டிருந்தது. நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பிரசவ அறைக்கு மட்டும், வலியெடுத்து யார் வந்தாலும், குடியிருப்புக்கு ஆள் போய்க்கொண்டிருந்தது. "பாக்கெட்டைக் கீழ போட்டா இன்னொண்ணு வாங்கலாம்" என்றாள்.

ஒரு நாள் பழனிசெட்டிபட்டி வழியாக வீரபாண்டிக்கு அக்கினிச்சட்டிகள் போய்க்கொண்டிருந்தன. பேருந்துகள் ஊர்ந்தன. தபால்காரர் கூட்டத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வியர்வையோடு வந்து கையெழுத்துக் கேட்டார். நான் எழுவதற்குள் அவள் போய்விட்டாள். கையெழுத்துப் போட்டாள், கோணலாக இருந்தது, ஆனாலும் அவள் கையெழுத்து. உறையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, நின்றபடியே படித்தாள். பிரசவ அறைப் பணியிலிருந்து விடுவித்து, தடுப்பூசிப் பணியில் அமர்த்தி ஆணை. படித்து முடித்ததும் என்னிடம் தரவில்லை. தொலைபேசியை எடுத்து அந்த இளைய செவிலியரைக் கூப்பிட்டு, "ஏ புள்ளை, இனிமே வாயையும் நீயே கொண்டு போகணும்" என்றாள்.

ஆணையில் கையொப்பமிட்ட தேதி பங்குனியைச் சேர்ந்தது. எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது சித்திரையில், வீரபாண்டித் திருவிழா தொடங்கிய செவ்வாய்க்கிழமை.